வெள்ளியா, பச்சையா

செஞ்சியில் பிலவேந்திரனை எல்லோரும் மிலிட்டரிக்காரர் என்றே கூப்பிட்டார்கள். "மிலிட்டரி இல்லீங்க, ஏர்போர்ஸு" என்று அவர் ஒவ்வொரு முறையும் திருத்துவார். டீக்கடையில் திருத்துவார், ரேஷன் கடை வரிசையில் திருத்துவார், மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் கேட்க உட்கார்ந்த சாமியாரிடம்கூட ஒருமுறை திருத்தியிருக்கிறார். தப்பாகச் சொன்ன ஒன்றைக் காதில் வாங்கிக்கொண்டு சும்மா போவது அவரால் ஆகாத காரியம்.

வல்லத்துப் பக்கம் மல்லாட்டைக் கடலை பயிர்போட்டுப் பிழைத்த குடும்பம் அவருடையது. விமானப்படையில் ஃபிட்டராகப் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு 1979இல் ஊர் திரும்பினார். திண்டிவனம் ரோட்டில் ஓர் அரிசி ஆலையில் மோட்டார்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. அவருக்கும் மனைவி ராயம்மாளுக்கும் குழந்தை இல்லை. ஆலையிலிருந்து வந்ததும் தவிட்டுத் தூசி போகக் கைகால் கழுவிக்கொண்டு, பின்கட்டில் உட்கார்ந்து விமானம் செய்வார்.

விமானம் என்றால் விளையாட்டுச் சாமான் இல்லை. அசல் விமானத்தின் நீள அகலத்தை இருபத்துநாலால் வகுத்து, அந்த அளவுக்குக் கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்குவார். பழைய எக்ஸ்ரே பிலிமைச் சலவைச் சோடாவில் ஊறவைத்துக் கழுவினால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அதை வளைத்து விமானி உட்காரும் இடத்துக்கு மூடி செய்வார். தகடுகள் சேரும் கோடுகளை ஊசியால் கீறுவார். அந்த வேலையில் இருக்கும்போது அவர் முகமே வேறு. பாட்டு முணுமுணுப்பார், ராயம்மாளைக் கூப்பிட்டுச் சக்கரத்தைச் சுற்றிக் காட்டுவார். ஒரு டகோட்டா விமானத்துக்கு ஜன்னல் ஒன்று குறைந்துபோனது. முடித்த பிறகுதான் கண்ணில் பட்டது. "போவட்டும், ஒருத்தன் வெளிய பார்க்காம தூங்கிட்டு வரான்னு வெச்சிக்க" என்று ராயம்மாளிடம் சொல்லிச் சிரித்தார். அப்படியும் இருந்த மனிதர்தான்.

அந்த டகோட்டாவுக்குக் கண்ணாடிப் பெட்டி செய்யப் போன இடத்தில்தான் பீர் முகமது பழக்கமானார். கடைத்தெருவில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தார் அவர். வேளாங்கண்ணி மாதா, முருகன், மக்கா, கல்யாண ஜோடி, செத்துப்போனவர்கள் என்று எல்லோரும் அவர் கடைச் சுவரில் வரிசையாக இருப்பார்கள். டகோட்டாவைக் கையில் வாங்கியவர் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் வெகுநேரம் வைத்திருந்தார். கொஞ்ச நாள் கழித்து அவரே ஒரு விமானம் செய்து எடுத்துக்கொண்டு பிலவேந்திரன் வீட்டுக்கு வந்துவிட்டார். மூங்கில் சிம்புக் கூடு, அதன்மேல் பட்டம் செய்யும் காகிதம், வால் ஆரஞ்சு நிறம்.

பிலவேந்திரன் அதைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். "இன்னா பிளேன் பாய் இது?"

"எந்த பிளேனும் இல்ல. என் பிளேன்."

"ரெக்கை இவ்ளோ நீளம் எந்த ஜெட்டுக்கும் கிடையாது."

"அதான் இது பறக்குது, உன்னுது பெட்டிக்குள்ள குந்திக்கினு இருக்குது."

ராயம்மாள் அடுப்படியிலிருந்து சத்தமாகச் சிரித்தாள். பிலவேந்திரனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இருவரும் சேர்ந்து செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலை ஏறுவது அன்றிலிருந்து வழக்கமானது. மேலே காற்று எப்போதும் உண்டு. பீர் முகமது மதில் விளிம்பில் நின்று தன் காகித விமானத்தை விடுவார். அது திருவண்ணாமலை ரோட்டுப் பக்கம் வட்டமடித்துப் போய்ச் சப்பாத்திக்கள்ளியில் மாட்டிக் கிழியும். கிழிந்தால் பாய்க்கு இன்னும் குஷி. அடுத்ததற்கு என்ன வர்ணம் என்று இறங்கும்போதே யோசிப்பார். "வாலு தப்பு, மூக்கு தப்பு" என்று சொல்லிக்கொண்டே பிலவேந்திரனும் அது கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார்.

1982இல் ஒருநாள் கமலாம்பாள் வந்தார். திருவண்ணாமலையிலிருந்து அண்ணன் மகனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தார். அறுபது வயதுக்கு மேலிருக்கும். கோதண்டராமனுடைய அம்மா என்று அவர் தன்னைச் சொன்னதும் பிலவேந்திரன் எழுந்து நின்றார். அதற்குப் பிறகு அவர்கள் இருந்த நேரம் முழுவதும் அவர் உட்காரவில்லை.

கோதண்டராமன் விமானி. 1971 போரின்போது மேற்கு எல்லைப் பக்கத்துத் தளம் ஒன்றில் பிலவேந்திரன் இருந்தபோது அதே தளத்தில் இருந்தவர். 'நாட்' என்ற சின்னச் சண்டை விமானத்தை ஓட்டினார். கூட்டத்தில் தமிழ் பேசும் விமானி அவர் ஒருவர்தான். மற்றவர்களிடம் இங்கிலீஷும் இந்தியும் பேசுகிறவர், பிலவேந்திரனைப் பார்த்தால் மட்டும், "இன்னா பிலவேந்திரன், வண்டி ரெடியா?" என்பார், செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர் மாதிரி. போர் தொடங்கிச் சில நாளில் ஒரு காலையில் பனிமூட்டத்துக்குள் புறப்பட்டுப் போனார். திரும்பவில்லை. அவரை இருக்கையில் வைத்து வாரைப் பூட்டிவிட்டு ஏணியிலிருந்து இறங்கியவர் பிலவேந்திரன்.

"அவன் ஓட்டின பிளேனை நான் பார்த்ததே இல்ல தம்பி" என்றார் கமலாம்பாள். "போட்டோவுல அவன் மட்டும்தான் இருக்கான். எதுல போனான்னு தெரியல. நீ செய்வியாமே, அச்சு அசலா இருக்கும்னு சொன்னாங்க. எனக்கு அது மாதிரி ஒண்ணு செஞ்சு குடு."

"பொங்கலுக்குள்ள குடுத்துடறேம்மா" என்றார் பிலவேந்திரன்.

அந்தப் பொங்கல் போயிற்று, அடுத்ததும் போயிற்று. நாட் விமானத்தின் வடிவம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. கண்ணை மூடிக்கொண்டு செதுக்குவார். ஆனால் கமலாம்பாளுக்காகச் செதுக்கியது எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. காற்று உள்ளே போகும் வாய் ஒரு நூல் பெரிதாகிவிட்டது என்று முதல் விமானத்தைப் பிளந்து போட்டார். சக்கரக் கதவு சரியாக மூடவில்லை என்று இரண்டாவதையும் பிளந்தார். முணுமுணுத்த பாட்டு நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமைகளில் பீர் முகமது தனியாக மலை ஏறினார்.

"முன்னல்லாம் செஞ்சா சந்தோஷமா இருப்பாரு பாய்" என்று ராயம்மாள் ஒருநாள் அவரிடம் சொன்னாள். "இப்போ பரீட்சைக்குக் குந்தின மாதிரி குந்தறாரு. நான் பேசினா கையக் காட்டிப் போவச் சொல்றாரு."

மூன்றாவது விமானம் தேறியது. பூச்சு மட்டும் பாக்கி. அந்தச் சமயத்தில்தான் ராஜாராம் வந்தார். பழைய தளத்தில் பிலவேந்திரனோடு வேலை பார்த்தவர், இப்போது சென்னையில் ஒரு தொழிற்சாலையில் இருப்பவர். கார்த்திகைத் தீபம் பார்க்கக் குடும்பத்தோடு திருவண்ணாமலை போகிறவர், வழியில் செஞ்சியில் இறங்கி நண்பனைத் தேடிக்கொண்டு வந்தார். ராயம்மாள் சாப்பாடு போட்டாள். பேச்சு விமானத்தில் வந்து நின்றது.

"பச்சை கலந்து வெச்சிருக்கேன்" என்றார் பிலவேந்திரன். "எதிரி கண்ணுல படக்கூடாதுன்னு அவசரத்துல நாம பிரஷ்ஷால அடிச்சோமே, அதே மாதிரி திட்டுத்திட்டா அடிக்கப் போறேன்."

ராஜாராம் சாப்பிடுவதை நிறுத்தினார். "கோதண்டராமன் சார் பிளேனா? அது வெள்ளிடா. சார் போனப்ப எல்லாமே தகட்டு நிறத்துலதான் இருந்துது. பச்சை அடிக்க ஆர்டர் வந்ததே அதுக்கு மறுநாள். சார் வரலியேன்னு அழுதுகிட்டே அடிச்சோம். உனக்கு ஞாபகம் இல்ல?"

"இல்ல. முன்னாடியே அடிச்சோம்."

"எனக்குத் தெரிஞ்சு பின்னாடிதான்."

"நான் பார்த்தேன்டா. பச்சை ரெக்கை என் கண்ணு முன்னால நிக்குது." பிலவேந்திரனின் குரல் உயர்ந்துவிட்டது. ராஜாராமின் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "சரி, விடு, எனக்குத் தப்பா இருக்கலாம்" என்று ராஜாராம் பேச்சை மாற்றினார். பஸ் ஏறும்போது, "எந்தக் கலரா இருந்தா இன்னாடா, அந்தம்மாவுக்குத் தெரியவா போவுது" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று முதல் பிலவேந்திரன் பின்கட்டுக்குப் போகவில்லை. ஆலையில் ஓடும் மோட்டாரில் கை வைக்கப் போனவரைக் கூட இருந்தவர் இழுத்துவிட்டார். இது கேள்விப்பட்டு பீர் முகமது ஆலைக்கே வந்து, அவரை வெளியே புளியமரத்தடிக்கு அழைத்துப் போய் உட்கார வைத்தார்.

"ஒரு பெயிண்டுக்கா இந்த பாடு?"

அப்போதுதான் பிலவேந்திரன் வாய் திறந்தார். அந்த விமானத்தில் ஆபத்து வந்தால் விமானியை இருக்கையோடு வெளியே தூக்கி எறியும் ஏற்பாடு உண்டு. தரையில் நிற்கும்போது தவறி வெடித்துவிடாமலிருக்க அதில் ஒரு பின் செருகியிருப்பார்கள், சிவப்பு நாடா கட்டிய பின். புறப்படுவதற்கு முன்னால் அதை உருவி விமானியிடம் தூக்கிக் காட்ட வேண்டும். உருவாமல் விட்டால் இருக்கை நகராது. கோதண்டராமன் விழுந்ததைப் பக்கத்து விமானத்திலிருந்தவர் பார்த்தார். பாராசூட் எதுவும் விரியவில்லை என்றார் அவர். பிறகு விசாரணையில் பிலவேந்திரனைக் கேட்டார்கள். உருவினேன், காட்டினேன், சார் கட்டைவிரலைத் தூக்கினார் என்று சொன்னார். அதோடு முடிந்தது. யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை.

"இத்தனை வருஷமா அந்தக் காட்சிதான் பாய் எனக்கு ஆதாரம். சிவப்பு நாடாவைத் தூக்கிக் காட்டறேன், அதுக்குப் பின்னால பச்சை ரெக்கை. எப்ப சந்தேகம் வந்தாலும் அதை நெனச்சிக்குவேன். இப்போ ரெக்கை வெள்ளின்னு சொல்றான். அப்ப நான் பார்த்தது இன்னா? வேற ஏதோ ஒரு நாளா? வேற ஒருத்தரா?"

"பின்னு வேற, பெயிண்ட் வேற இல்லியா?"

"ஒரே படத்துல பாதி பொய்யின்னா மீதி பாதி மட்டும் எப்படி பாய் நெசமாவும்?"

ஊரில் எல்லோருக்கும் சட்டம் போட்டுக் கொடுக்கிற பீர் முகமது ஆலைச் சங்கு ஊதும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

மரம் தெரிய, பூச்சில்லாமல் அந்த விமானம் மாதக்கணக்கில் கிடந்தது. 1985 கோடையில் கமலாம்பாளின் அண்ணன் மகன் செஞ்சி வழியாகப் போகும்போது வந்து எட்டிப் பார்த்தார். "அத்தைக்கு உடம்பு முன்ன மாதிரி இல்ல. தெனம் கேக்கறாங்க" என்றார். அவர் போனதும் ராயம்மாள் பின்கட்டிலிருந்து விமானத்தை எடுத்துவந்து கணவன் முன்னால் வைத்தாள்.

"உங்களுக்குத் தெரிஞ்ச கலரை அடிங்க. இல்லன்னா இப்படியே துணியில சுத்தி நான் கொண்டு போறேன். தப்பா இருந்தா என் தலையில இருக்கட்டும்."

அவர் பச்சையையே அடித்தார். ராஜாராம் சொன்னதை ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. கடைசியில் தன் கண்ணையே நம்பினார். ஓரிரு இடத்தில் பூச்சு கோடு தாண்டிவிட்டது. அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

தனியாகப் போகப் பயந்து பீர் முகமதுவையும் கூப்பிட்டார். பாய் கடையைப் பூட்டிவிட்டு, கையில் தன்னுடைய காகித விமானம் ஒன்றையும் எடுத்துக்கொண்டு வந்தார். "இது எதுக்கு?" என்று பிலவேந்திரன் முகம் சுளித்தார். "சும்மா இருக்கட்டும்" என்றார் பாய்.

திருவண்ணாமலையில் அந்த வீட்டு வாசலைத் தாண்டியதும்தான் தெரிந்தது. கமலாம்பாள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வந்தவர்களை நோக்கித் திரும்பிய முகம் இருவருக்கும் நடுவே வெறும் சுவரைப் பார்த்தது. கண்ணில் அழுத்தம் ஏறிப் பார்வை முழுக்கப் போய்விட்டது, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஒரு வருஷம் ஆகிறது என்று அண்ணன் மகன் மெதுவாகச் சொன்னார். சொன்ன தேதிக்குக் கொடுத்திருந்தால் பார்த்திருப்பார். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பிலவேந்திரன் அவர் மடியில் விமானத்தை வைத்தார். கமலாம்பாள் மூக்கிலிருந்து வால்வரை விரலால் தடவினார். ஊசியால் கீறிய கோடுகளில் விரல் நின்று நின்று போயிற்று. எக்ஸ்ரே பிலிம் மூடியைத் தொட்டார்.

"இங்கதான் குந்துவானா?"

"ஆமாம்மா."

"இவ்ளோ எடந்தானா? அவன் நல்ல ஒசரமாச்சே." பிறகு, "இன்னா கலரு தம்பி?" என்றார்.

"பச்சைம்மா." கொஞ்சம் பொறுத்து, "வெள்ளியாவும் இருந்திருக்கலாம். எனக்கு நிச்சயமாத் தெரியல" என்றார் பிலவேந்திரன். சொன்னதும் மீதியையும் சொல்லிவிட்டார். பின்னைப் பற்றி, நாடாவைப் பற்றி, உருவியதாகத்தான் நினைக்கிறேன், சத்தியம் பண்ண முடியவில்லை என்பதுவரை எல்லாவற்றையும் சொன்னார். அண்ணன் மகன் முகம் இறுகியது. கமலாம்பாள் விமானத்தைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை.

"அதெல்லாம் எனக்கு இன்னா தெரியும்" என்றார் கடைசியில். "இனிமே அதைத் தெரிஞ்சிக்கிட்டு நான் இன்னா பண்ணப் போறேன்? கடைசியா அவன்கிட்ட நம்ம பேச்சு பேசினவன் நீதான். அன்னிக்கு ஏதாவது சொன்னானா?"

பிலவேந்திரன் யோசித்தார். அன்று காலை கோதண்டராமன் ஏதாவது சொன்னாரா என்று அவருக்கு நினைவில்லை. தினமும் கேட்பதை அன்றும் கேட்டிருக்கலாம், அவசரத்தில் கேட்காமலும் போயிருக்கலாம்.

"'இன்னா பிலவேந்திரன், வண்டி ரெடியா'ன்னு கேட்டாரும்மா. தெனமும் அப்படித்தான் கேப்பாரு. அன்னிக்கு..." விமானத்தின்மேல் இருந்த அவர் கையைப் பார்த்தார். "அன்னிக்கும் கேட்டாரும்மா. சிரிச்சுக்கிட்டே கேட்டாரு."

"வண்டி ரெடியாவா?" கமலாம்பாளின் உதடு கோணியது, அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. "சைக்கிள் எடுத்துக்கிட்டு காலேஜுக்குப் போவும்போதும் இப்படித்தான், அவங்கப்பாவைக் கேப்பான்."

பிறகு பக்கத்தில் யார் மூச்சு விடுவது என்று கேட்டார். பீர் முகமது தன் பேரைச் சொல்லி, காகித விமானத்தை அவர் கையில் கொடுத்தார்.

"இது இன்னாப்பா, கனமே இல்ல?"

"இது உங்க மகன் ஓட்டினது இல்லம்மா. யாரும் ஓட்டினதில்ல. நானா செஞ்சது. ஆனா பறக்கும்."

கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பாய் அதை விட்டார். கமலாம்பாளின் காதோரம் காகிதம் சர்ரென்று உரசிக்கொண்டு போயிற்று. அவர் தோளைக் குறுக்கிக்கொண்டார். பிறகு சிரித்துவிட்டார். "இன்னொரு தபா விடு" என்றார். பாய் விட்டார். அது கதவில் மோதி விழுந்தது. எடுத்துவந்து மறுபடி விட்டார். பச்சை விமானத்தை அண்ணன் மகன் பத்திரமாக எடுத்துப்போய் கோதண்டராமன் படத்துக்குப் பக்கத்தில், மாடத்தில் வைத்தார். புறப்படும்போது கமலாம்பாளின் மடியில் இருந்தது காகித விமானம்.

திரும்பும் பஸ்ஸில் கீழ்பென்னாத்தூர் தாண்டும்வரை பிலவேந்திரன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். கோபமாக இருக்கிறார் என்று பாய் நினைத்துக்கொண்டார்.

"சிரிச்சாங்க இல்ல பாய்?" என்றார் திடீரென்று.

"சிரிச்சாங்க."

"நான் மூணு வருஷம் செஞ்சதுக்கு அவங்க சிரிக்கல."

"உன்னுது சிரிக்கறதுக்கு செஞ்சது இல்லியே."

அதன்பின் மாதம் ஒருமுறை இருவரும் திருவண்ணாமலை போய்வந்தார்கள். பிலவேந்திரனும் காகித விமானம் செய்துபார்த்தார். அளவெல்லாம் துல்லியமாக இருக்கும், விட்டால் மூக்குக் குத்தி விழும். விழுகிற சத்தத்தை வைத்தே, "இது தம்பி செஞ்சது" என்று கமலாம்பாள் சொல்லிவிடுவார். பச்சையா வெள்ளியா என்று மறுபடி அவர் கேட்கவில்லை. பின்னைப் பற்றியும் பேசவில்லை. மன்னித்தாரா, மறந்தாரா என்று பிலவேந்திரனுக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும், "வண்டி ரெடியான்னு கேட்டானா?" என்று மட்டும் கேட்பார். கேட்டார் என்று இவர் சொல்வார். ஒவ்வொரு தடவையும் அது நெஞ்சில் குத்தும். சொல்லாமலும் இருக்க முடியாது.

1987 ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், திருவண்ணாமலை பஸ் கண்டக்டர் ஒருவர் ஆலைக்கு வந்து செய்தி சொன்னார். பிலவேந்திரன் அப்படியே பஸ் ஏறினார். பீர் முகமது ஊரில் இல்லை. போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். மாடத்தில் கோதண்டராமன் படம் மட்டும் இருந்தது.

"ரெண்டு பிளேனையும் அத்தை கூடவே வெச்சிட்டோம்" என்றார் அண்ணன் மகன். இவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்துத்தான் சொன்னார். பிலவேந்திரன் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்.

வீட்டுக்கு வந்தபோது சாயங்காலம். சாவு வீட்டுக்குப் போய்வந்தவர் என்பதால் ராயம்மாள் அவரை உள்ளே விடாமல், சுற்றிக்கொண்டு கொல்லைப்பக்கம் போகச் சொன்னாள். வெந்நீர் விளாவி அவளே மொண்டு ஊற்றினாள்.

"பிளேனையும் சேர்த்து எரிச்சிட்டாங்களாம்."

"எதை?"

"ரெண்டையும்."

அவள் இன்னொரு சொம்பு ஊற்றினாள்.

"பாய் செஞ்சது சட்டுனு போயிருக்கும், காகிதம்தானே. என்னுது கட்டை. கொஞ்ச நேரம் நின்னு எரிஞ்சிருக்கும்" என்றார். கல்லின்மேல் குந்தியிருந்தவர் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டார். "சார்... சார்..." என்று அவர் சொல்வது ராயம்மாளுக்குக் கேட்டது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் கோதண்டராமனுக்காக அவர் அழுது அவள் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் அளவையும் வர்ணத்தையும் பற்றிய கவலைதான்.

அண்டாவில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. ராயம்மாள் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, புடவை நனைவதைப் பார்க்காமல் அவருக்குப் பக்கத்தில் ஈரத்திலேயே உட்கார்ந்தாள்.